அண்டை வீட்டு நாயின் இரவுக் குரைப்பு: சட்டப் பரிகாரங்கள் குறித்த ஓர் ஆராய்ச்சி

அண்டை வீட்டு நாய் எனப்படுவது, ஒருவருடைய குடும்ப அட்டையில் இடம்பெறாமலும் அவர் கையால் ஒரு வேளைச் சோறுகூட உண்ணாமலும் அவருடைய உறக்கத்தில் மட்டும் நிரந்தரப் பங்கு பெற்றிருக்கும் உயிரினம் ஆகும். இவ்வரையறையில் ‘அண்டை’ என்பது பொதுச் சுவரைக் கொண்ட வீட்டையும், அடுக்குமாடிக் குடியிருப்பாயின் மேல்தளம், கீழ்த்தளம், எதிர்க்கதவு ஆகியவற்றையும், காற்று வீசும் திசையைப் பொறுத்து மூன்றாம் வீட்டையும் உள்ளடக்கும். சொந்த வீட்டு நாய் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானது. ஏனெனில் அதன் குரைப்பு உரிமையாளரின் செவிக்குக் காவலாகவே கேட்கும் என்பதும், அதே ஒலி சுவரைக் கடந்தவுடன் தொல்லையாக மாறிவிடும் என்பதும் இத்துறையில் மெய்ப்பிக்கத் தேவையற்ற உண்மைகளாக ஏற்கப்பட்டுள்ளன. தெருநாய்களும் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவற்றுக்கெனத் தனி விதிகள் 2023இல் வந்துள்ளன, உச்ச நீதிமன்றம் வரை வழக்குகளும் சென்றுள்ளன என்பது ஒருபுறமிருக்க, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு அவற்றுக்கு முகவரி கிடையாது என்பதே முதன்மையான காரணம்.

குரைப்பின் இயல்பைச் சுருக்கமாகவேனும் அறியாமல் சட்டத்துக்குள் நுழைவது பயனற்றது. வளர்ந்த ஓநாய்கள் அரிதாகவே குரைக்கின்றன. நாயோ மனிதனோடு வாழத் தொடங்கிய பின்னர் இக்கலையைப் பெரிதும் வளர்த்துக்கொண்டதாகத் தெரிகிறது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஓட்வோஷ் லொராண்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பதிவு செய்யப்பட்ட குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி, அந்நியரைக் கண்டு குரைப்பது எது, தனித்து விடப்பட்டதால் குரைப்பது எது, விளையாட்டுக்குக் குரைப்பது எது என்பதைக் கேட்போர் ஓரளவு சரியாகவே இனம்காண்கிறார்கள் என்று காட்டியுள்ளனர். இம்முடிவு ஆய்வுக்கூடத்துக்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்தெழும் அண்டை வீட்டார் எல்லா வகைக் குரைப்பையும் ஒரே வகையாக, அதாவது தமக்கெதிராகத் தொடுக்கப்பட்டதாகவே வகைப்படுத்துகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

சட்ட வரலாற்றைப் பொறுத்தவரை, நாய் மிகப் பழைய காலத்திலேயே நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டது. ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய மெசப்பொத்தேமியாவின் எஷ்னுன்னா நகரச் சட்டத்தில், ஒரு நாய் மூர்க்கமானது என்று உரிமையாளருக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தும் அவர் அதைக் கட்டிக் காக்காமல் விட்டு, அது ஒரு மனிதனைக் கடித்து அவன் இறந்துபோனால், உரிமையாளர் மூன்றில் இரண்டு பங்கு மினா வெள்ளி செலுத்த வேண்டும் என்ற விதி உள்ளது. மினா என்பது 60 ஷெக்கேல் கொண்ட எடையளவு. ஆகவே தண்டம் 40 ஷெக்கேல். கடிக்கு இவ்வளவு துல்லியமாக விலை குறித்த அச்சட்டம் குரைப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும் இதே மரபைப் பின்பற்றி, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. குரைக்கிற நாய் கடிக்காது என்பது தமிழர் அனைவரும் அறிந்த பழமொழி. அதைச் சட்டக் கண்கொண்டு வாசித்தால் அண்டை வீட்டாரின் துயரம் முழுவதும் விளங்கும்: கடித்தால் வழக்கு உண்டு, குரைக்கிற நாயோ கடிப்பதே இல்லை.

இதன் விளைவாக, இந்தியச் சட்டத்தில் குரைப்பு தன் சொந்த உருவில் எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழைய முடியாது. ஓரிடத்தில் அது டெசிபலாகவும், இன்னோரிடத்தில் பொதுத் தொல்லையாகவும், வேறோரிடத்தில் சொத்துரிமைக் குறுக்கீடாகவும் வேடமிட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வேடத்தையும் தனித்தனியே பரிசோதிப்பது அவசியமாகிறது. அவற்றுள் டெசிபல் வேடமே அறிவியல் மிகுந்ததாகையால் அதற்கு இங்கே கூடுதல் இடம் அளிக்கப்படுகிறது.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பவற்றின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் அனுமதிக்கப்பட்ட அளவுகள். டெசிபல் என்பது ஒலியின் செறிவைக் குறிக்கும் மடக்கை அலகு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. 2012இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் நாய் 113.1 டெசிபல் அளவில் குரைத்துக் கின்னஸ் சாதனை படைத்ததை நோக்க, 45 என்ற எல்லையை எந்த நாயும் கொட்டாவி விடும் முயற்சியிலேயே கடந்துவிடும் என்று புகார்தாரர் மகிழக்கூடும். அம்மகிழ்ச்சி அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்கும் வரைதான் நீடிக்கும். விதிகள் கூறும் அளவு ஒரு குறிப்பிட்ட நொடியின் ஒலி அன்று. ஒரு கால அளவு முழுவதுக்கும் எடுக்கப்படும் ஆற்றல் சராசரி. மேலும், 7ஆம் விதியின்படி, அனுமதிக்கப்பட்ட அளவை ஒலி 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறும்போதுதான் ஒருவர் உரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம். அதாவது இரவில் 45 அன்று, 55 எட்ட வேண்டும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. டைகர் என்னும் கற்பனை நாய் ஒன்று, புகார்தாரரின் சன்னல் அருகே 75 டெசிபலாக வந்து சேரும் குரலில், ஒவ்வொன்றும் அரை நொடி நீளமுள்ள 60 குரைப்புகளை ஒரு மணி நேரத்தில் வழங்குவதாகவும், மற்ற நேரத்தில் தெரு 40 டெசிபல் அமைதியில் இருப்பதாகவும் கொள்க. குரைப்பின் மொத்த நேரம் 30 நொடி. அதாவது அம்மணி நேரத்தில் 120இல் ஒரு பங்கு. ஆற்றல் சராசரி கண்டால் கிடைப்பது சற்றேறக்குறைய 54 டெசிபல். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிவாரிப்போட்டு எழுந்த ஒரு மனிதருக்குச் சட்டம் கூறும் விடை, இன்னும் ஒரு டெசிபல் போதவில்லை என்பதே. அதே ஒரு மணி நேரத்தில் டைகர் ஏறத்தாழ 70 முறை குரைத்திருந்தால் 55ஐத் தொட்டிருக்கும். ஆகவே விதிகளை நன்கு அறிந்த புகார்தாரர், கையில் ஒலிமானியுடன் சன்னலோரம் அமர்ந்து, 60ஆவது குரைப்புக்குப் பின் டைகர் களைத்துப் படுக்கும் வேளையில், இன்னும் ஒரு பத்து குரைக்காதா என்று ஏங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அளவீடு செய்ய வந்தவர் ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக இரவின் எட்டு மணி நேரத்துக்கும் சராசரி எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். மற்ற ஏழு மணி நேரமும் டைகர் உறங்கிய புண்ணியத்தால் அளவு 46 டெசிபலை ஒட்டி இறங்கி, நாய் ஏறக்குறைய உத்தமனாகவே வெளியேறும்.

இவ்விதிகளில் இரவுக்கென்று தனித் தடைகளும் உண்டு. ஒலிபெருக்கி, வாகன ஒலிப்பான், பட்டாசு, கட்டுமான இயந்திரம் ஆகியவை அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. நாய் இல்லை. ஒலிபெருக்கியின் முன் நிறுத்திக் குரைக்க வைத்தால் மட்டும் நாய் இத்தடைக்குள் வரக்கூடும்.

டெசிபல் வழி அடைபட்ட நிலையில் புகார்தாரர் நாடுவது காவல் நிலையம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு பொதுத் தொல்லையை வரையறுக்கிறது: பொதுமக்களுக்கோ சுற்றுவட்டத்தில் குடியிருப்போருக்கோ பொதுவாகத் தீங்கு, ஆபத்து அல்லது எரிச்சல் விளைவிக்கும் செயலும், செய்ய வேண்டியதைச் சட்டவிரோதமாகச் செய்யாது விடுதலும் அதில் அடங்கும். ஒரு பொதுத் தொல்லையால் ஏதோ ஒரு வசதியோ நன்மையோ உண்டு என்பதற்காக அதை மன்னிக்க முடியாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. நாய் குரைப்பதால்தான் இத்தெருவுக்குத் திருடன் வருவதில்லை என்று உரிமையாளர்கள் காலங்காலமாகக் கூறிவரும் வாதத்துக்குச் சட்டம் முன்கூட்டியே எழுதிவைத்த மறுமொழியாக இது கருதத்தக்கது. ஆனால் ‘பொது’ என்ற அடைமொழிதான் இடிக்கிறது. ஒருவர் மட்டும் விழித்திருந்தால் அது பொதுவாகாது. எனவே தெருவில் கையொப்பம் திரட்ட வேண்டும். அவ்வாறு திரட்டச் செல்பவர் கண்டறியும் முடிவுகள் ஒரே மாதிரியாகவே இருக்கின்றன. எதிர்வீட்டார் தூக்க மாத்திரை உட்கொள்பவராதலால் எதையும் கேட்டதில்லை. கோடிவீட்டுக்காரர் தாமே ஒரு பொமரேனியன் வளர்ப்பவர். மாடியில் குடியிருப்பவர், “நீங்க போடுங்க சார், நான் பின்னாடி இருக்கேன்” என்று கூறி, பின்னாலேயே இருந்துவிடுகிறார்.

கையொப்பங்கள் கிடைத்ததாகவே கொண்டாலும், வேறு தண்டனை குறிக்கப்படாத பொதுத் தொல்லைக்கு 292ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 200 ரூபாயாக இருந்ததை நோக்க ஐந்து மடங்கு முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். எனினும் இது நீதிமன்ற அனுமதியின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய இயலாத குற்ற வகையைச் சேர்ந்தது. எனவே தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இத்தகைய மனுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனப்படும் ரசீது, முதல் தகவல் அறிக்கை என்ற நிலையை எட்டாத மனுக்கள் பெறும் வரிசை எண் அது. அத்துடன் நிலைய எழுத்தர் இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி, “ரெண்டு பேரும் படிச்சவங்க, அனுசரிச்சுப் போங்க” என்ற தீர்ப்பை வழங்குகிறார். இதற்கு மேல்முறையீடு கிடையாது.

கோட்டாட்சியரை அல்லது வேறு நிர்வாக நடுவரை அணுகும் வழியும் உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, தொல்லையை அகற்றுமாறு நிபந்தனை ஆணை பிறப்பிக்க அவருக்கு அதிகாரம் தருகிறது; அதில் விலங்குக்கும் இடமுண்டு. ஆனால் அது ஆபத்தான விலங்காக இருக்க வேண்டும். இங்கும் கடிக்கே முன்னுரிமை.

குடியிருப்போர் நலச் சங்கம் என்பது சட்டத்துக்கும் வம்புக்கும் நடுவில் நிற்கும் ஒரு நிறுவனம். நாய் வளர்க்கக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிட்டால் தீர்ந்தது என்ற நம்பிக்கை அடுக்குமாடிகளில் பரவலாக உள்ளது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அந்நம்பிக்கையைக் கலைத்தன: உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்தாலும் செல்லப்பிராணிகளை வளர்க்கக் கூடாதென்று தடை விதிக்க இயலாது, குரைப்பது நாயின் இயல்பாகையால் அதைத் தடைக்குக் காரணமாகக் காட்டவும் முடியாது. இந்நிலையில் சங்கச் செயலாளரின் நிலை ஆராய்ச்சிக்குரியது. இராமாயண உத்தரகாண்டத்தில் இடைச்செருகலாகக் கருதப்படும் ஒரு பகுதியில், அடிபட்ட நாய் ஒன்று இராமனின் சபைக்கே வந்து முறையிடுகிறது. அடித்தவருக்கு என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டபோது, அவரைக் காலஞ்சரத்தில் ஒரு மடத்தின் தலைவராக்குமாறு வேண்டுகிறது. சபையோர் வியக்க, முற்பிறப்பில் தானே அம்மடத்தின் தலைவராக இருந்ததாகவும், நேர்மையாக நடந்தும் இப்பிறப்பு வாய்த்ததாகவும் நாய் விளக்குகிறது. சங்கச் செயலாளர் பதவியை ஒரு தவணை வகித்தவர் எவரும் இக்கதையின் நீதியை ஐயுற்றதாகத் தெரியவில்லை. நாய் மனுதாரராக வந்து வென்ற வழக்கு என்ற வகையிலும் இது குறிப்பிடத்தக்கது; நாய்க்கு எதிரான மனு இவ்வளவு விரைவில் முடிந்ததற்குப் புராணத்திலும் சான்றில்லை.

உரிமையியல் நீதிமன்றமே இனி எஞ்சியிருப்பது. இங்கே குரைப்பு ‘தனித் தொல்லை’ என்ற பெயர் பெறுகிறது. ஒருவர் தம் வீட்டை நியாயமான முறையில் அனுபவிப்பதில் அயலார் செய்யும் குறுக்கீடு என்பது இதன் பொருள். இந்திய நீதிமன்றங்கள் இத்துறையில் ஆங்கிலேயத் தீர்ப்புகளின் கோட்பாடுகளையே பெரிதும் பின்பற்றி வருவதால், இலண்டன் மாநகரத்துப் பழைய பக்கத்து வீட்டுச் சண்டைகள் பல இன்றும் தமிழ்நாட்டுச் சட்ட மாணவர்களால் மனப்பாடம் செய்யப்படுகின்றன. அவற்றுள் 1893ஆம் ஆண்டின் கிறிஸ்டி எதிர் டேவி வழக்கு இங்கு விரிவாக நோக்கத்தக்கது. ஒட்டிய சுவர் கொண்ட இரு வீடுகளில் ஒன்றில் இசைப் பயிற்சி நடந்தது. மற்றொன்றில் மரச்செதுக்குத் தொழில் செய்பவர் ஒருவர் குடியிருந்தார். அவர் இசை வீட்டாருக்கு எழுதிய கடிதத்தில், சில நாள்களாகக் கேட்டுவந்த ஒலியை முதலில் அவர்கள் வீட்டு நாயின் ஊளை என்று எண்ணியதாகவும், நாயின் விஷயத்தில் செய்வதற்கொன்றுமில்லை என்று அனுபவத்தால் அறிந்திருந்ததால் பொறுத்துக்கொண்டதாகவும், பின்னர்தான் அது பியானோவுடன் ஒருவர் பாட முயலும் ஒலி என்று தெரிந்ததாகவும் குறிப்பிட்டார். பதிலுக்கு அவர் சுவரைத் தட்டினார், தட்டுகளை அடித்தார், சீட்டியடித்தார், கூச்சலிட்டார். நீதிபதி பாட்டுக்குத் தடை விதிக்கவில்லை. எரிச்சலூட்டும் நோக்கத்தோடு எழுப்பப்பட்டதென்பதால் தட்டுச் சத்தத்துக்குத்தான் தடை விதித்தார். ஒலி வழக்குகளில் மிகவும் புகழ்பெற்ற இதில், நாய் என்று நம்பிய வரையில் பிரதிவாதி நிரபராதியாகவே இருந்தார் என்பதும், நள்ளிரவில் எழுந்து சுவரில் எவர்சில்வர் தட்டைத் தட்டுவோர், பதிலுக்குச் சுப்ரபாதத்தை முழு ஒலியில் வைப்போர் ஆகியோர் எந்தத் தரப்பில் போய் நிற்பார்கள் என்பதும் தெளிவாகின்றன.

இன்னொரு தடையும் உள்ளது. 1889ஆம் ஆண்டின் ராபின்சன் எதிர் கில்வர்ட் வழக்கில், கீழ்த்தளத்து வெப்பத்தால் மேல்தளத்தில் வைத்திருந்த பழுப்புக் காகிதம் கெட்டது என்று வணிகர் ஒருவர் தொடுத்த வழக்கு தோற்றது. சாதாரணப் பொருளைக் கெடுக்காத வெப்பம் நுண்ணிய பொருளைக் கெடுத்தால் அது தொல்லை ஆகாது என்றாகிவிட்டது. எனவே தனித் தொல்லை வழக்கில் வாதியின் உறக்கம் சாதாரண உறக்கமாக இருக்க வேண்டும். வாதி தாம் எவ்வளவு துன்புறுகிறார் என்று வாதுரையில் எவ்வளவு உருக்கமாக எழுதுகிறாரோ, அவ்வளவுக்கு அவர் பழுப்புக் காகித வகையைச் சேர்ந்தவர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிட இடமேற்படுகிறது. குறட்டைவிட்டு உறங்கும் வழக்கமுடையவர் குரைப்பால் விழித்தால் அதுவே மிகச் சிறந்த வழக்கு. ஆனால் அத்தகையோர் விழிப்பதில்லை.

சான்று திரட்டுவதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதி உதவும். இதன்படி நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அமர்த்தி, நேரில் சென்று பார்த்து அறிக்கை தரச் செய்யலாம். கருப்பு அங்கி அணிந்த அந்நியர் ஒருவர், கையில் கோப்புடன், இரு தரப்பு வழக்கறிஞர்களும் பின்தொடர வாயிலுக்கு வரும்போது டைகர் குரைத்தால், அந்நியரைக் கண்டு குரைப்பது நாயின் கடமை என்பது பிரதிவாதியின் வாதமாகும். குரைக்காவிட்டால், இந்நாய் குரைப்பதே இல்லை என்பது அவருடைய வாதமாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது நடத்தை எதுவும் நாயிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. நள்ளிரவு ஆய்வுக்கு ஆணையர்கள் பொதுவாக ஆர்வம் காட்டுவதில்லை.

இதுவரை கூறிய வழிகளிலெல்லாம் நாய் எதிர்த்தரப்பில் நிற்கிறது. ஆனால் நாய் பாதிக்கப்பட்ட தரப்பாக மாறும் ஒரு சட்டம் உண்டு. இத்துறையில் அது போதிய கவனம் பெறாதது வியப்பே. விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டம், 1960 என்ற இச்சட்டம், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக உருவானது. அதன் 11ஆம் பிரிவு, விலங்கை அநியாயமான குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைக்கப்பட்டிருக்கும் நாய்க்கு உரிய நடைப்பயிற்சி அளிக்காமல் உரிமையாளர் அலட்சியம் செய்வதையும் கொடுமை என்கிறது. இரவெல்லாம் குரைக்கும் நாய்களில் கணிசமானவை மொட்டைமாடியிலோ இரும்புக் கதவின் பின்னாலோ பகலெல்லாம் கட்டப்பட்டு, நடக்கவும் மோப்பம் பிடிக்கவும் வாய்ப்பின்றிப் போனவை என்பதால், குரைப்பின் மூலகாரணத்தைச் சட்டத்தில் நேராகத் தொடுவது இந்த ஒரு பிரிவே. பிறருடைய உறக்கத்தைப் பற்றி அது ஒரு சொல்லும் கூறாமலே அதைக் காக்க வல்லது. ஆகவே விவரமறிந்த புகார்தாரர், தம் கண் எரிச்சலை மறைத்துக்கொண்டு, டைகரின் கால் தசைகள் குறித்த கவலையுடன் மனு எழுதுவதே உத்தமம். முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய் என்பதை மட்டும் மனுவின் முதல் பக்கத்தில் குறிப்பிடாமல் இருப்பது நலம். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் பற்றிக் கேட்பதும் சிலர் கையாளும் உத்தி. அது நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்பதை உறுதி செய்யும். குரலைப் பற்றி ஒன்றும் கேட்காது.

வழக்கின் காலமும் நாயின் ஆயுளும் ஒத்துப்போகும் விதம் தனிக் கவனத்துக்குரியது. நாய் பொதுவாகப் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். குரைப்பில் அது முழுத் தேர்ச்சி பெற்று, அண்டை வீட்டார் பொறுமை இழந்து வழக்குத் தொடுக்கும்போது அதற்கு மூன்று நான்கு வயதாகியிருக்கும். அழைப்பாணை, எதிருரை, வாய்தா, ஆணையர் அறிக்கை, அதற்கு ஆட்சேபணை, மீண்டும் வாய்தா என்று செல்லும் வழக்கில் தீர்ப்பு வரும் முன்பே டைகர் இயற்கை எய்திவிடக்கூடும். அப்போது வழக்கு பயனற்றதாகி முடித்துவைக்கப்படும். பிரதிவாதி ஒரு குட்டியை வாங்கி வந்தால் புதிய வழக்குமூலம் பிறக்கிறது. வழக்குமூலம் என்பது, ஒருவர் வழக்குத் தொடுக்க உரிமை தரும் நிகழ்வுகளின் தொகுதி; இங்கே அது எட்டு வாரக் குட்டி. டைகருக்கு எதிராகத் தீர்ப்பே பெற்றிருந்தாலும் அது குட்டியைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி எழும். இவ்விக்கலைத் தவிர்க்க, வாதுரையின் கோரிக்கைப் பத்தியில் டைகர் என்ற பெயரைக் குறிப்பிடாமல், பிரதிவாதியும் அவருடைய ஆட்களும் அவ்வளாகத்தில் வளர்க்கும் எந்த நாயும் என்று பரந்த சொற்களில் எழுதுவதே அனுபவமுள்ள வழக்கறிஞரின் முறை. அவ்வாறு எழுதி நிரந்தர உறுத்துக்கட்டளை பெற்றுவிட்டால், அதாவது இன்ன செயலை இனி எக்காலத்தும் செய்யலாகாது என்ற ஆணையைப் பெற்றுவிட்டால், அதன் பிறகும் தொல்லையைத் தொடரும் பிரதிவாதி நீதிமன்ற ஆணையை மீறியவராவார். அவருக்கும் இதைப் படித்துக் காட்ட ஒரு வழக்கறிஞர் இருப்பார். ஆணையில் நாய் மட்டுமே குறிப்பிடப்பட்டிருப்பதை அவர் சுட்டிக்காட்டுவார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரதிவாதி சந்தைக்குச் சென்று ஒரு சேவல் வாங்கி வருவதைத் தடுக்க மேற்கண்ட சட்டங்கள் எதிலும் வழியில்லை.